14 கிராம்பு மரங்கள்... வெட்டலாமா, வைத்திருக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் இது:

''என் மாமனார் 9 ஆண்டுகளுக்கு முன் 14 கிராம்புக் கன்றுகளை நட்டார். போன ஆண்டு அவர் காலமாகிவிட்டார். மரங்கள் நன்றாக வளர்ந்து, ஓட்டு வீட்டு உயரத்துக்கு நிற்கின்றன. ஆனால், இன்றுவரை ஒரு மொட்டுகூட வரவில்லை. தோட்டத்தின் இரண்டு பக்கமும் பக்கத்துக்காரர்களின் ரப்பர் மரங்கள். 'இதுக்கு மேல என்னத்த காக்கப் போறீங்க... வெட்டிட்டு ரப்பர் வைங்க' என்கிறார் கொழுந்தனார். வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் இருக்கிறார். வெட்டலாமா, வைத்திருக்கலாமா?''

இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்பதுதான் பதில். 9 வயதில் பூக்காத கிராம்பு மரம், மலட்டு மரம் என்று சொல்வதற்கில்லை. இன்னும் மூன்று மழைக்காலம் வரை அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த மூன்று ஆண்டுகளில் சும்மா காத்திருக்காமல் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்த பிறகும் மரம் மொட்டு வைக்கவில்லை என்றால், அப்போது மனக்கஷ்டம் இல்லாமல் முடிவெடுக்கலாம்.

மழைக்காட்டில் பிறந்த மரம்

கிராம்பின் குணம் தெரிந்தால், அது ஏன் இப்படி இழுத்தடிக்கிறது என்பது புரியும். நாவல், கொய்யா, ஜம்பு, தைலமரம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கிராம்பும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இன்னும் சொல்லப்போனால், நாவலும் கிராம்பும் சைஜீஜியம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். கிராம்பின் தாவரவியல் பெயர் சைஜீஜியம் அரோமேட்டிகம்.

இதன் தாய்வீடு இந்தோனேசியாவின் கிழக்கில் உள்ள மலுக்குத் தீவுகள். தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் ஆகிய சிறிய தீவுகளில்தான் ஒரு காலத்தில் உலகத்துக்கே தேவையான கிராம்பு விளைந்தது. எரிமலைச் சாம்பல் கலந்த வளமான மண், ஆண்டு முழுக்க மழை, கடல் ஈரக்காற்று, தண்ணீர் நிற்காத மலைச்சரிவு. இந்தச் சூழலில் வளர்ந்த மரம், எங்கே போனாலும் அதே வசதியைத்தான் எதிர்பார்க்கும்.

அந்தத் தீவுகளிலிருந்து கிராம்பு மட்டும் கப்பலேறி ஊர் ஊராகப் போனது. இலங்கையின் மன்னார் அருகேயுள்ள மாந்தைத் துறைமுகத்தில் நடந்த அகழாய்வில், ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிராம்பு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. பொருள் வந்ததே தவிர, மரம் வரவில்லை. 17-ம் நூற்றாண்டில் இந்த வியாபாரத்தைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, விலை இறங்காமல் இருக்க ஒரு கொடுமையான வழியைக் கண்டுபிடித்தது. ஆம்போன் தீவிலும் அதையொட்டிய சிறு தீவுகளிலும் மட்டும் கிராம்பு இருக்க வேண்டும். மற்ற இடங்களில் உள்ள மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்பதுதான் அது. 1652-ல் தெர்னாத்தே சுல்தானுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டு, படகுப் படைகளை அனுப்பித் தீவு தீவாக மரங்களை வெட்டினார்கள். ஒரு குடியானவரின் கிராம்பு மரத்தை வெட்டிவிட்டால், மறுபடியும் நட்டு முழு மகசூல் எடுக்க அவருக்கு 15 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோடாலி வைப்பது ஒரு நாள் வேலை. அதைத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு தலைமுறை வேலை.

1770-ல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால் கன்றுகள் ரகசியமாக மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்டன. பிறகு மடகாஸ்கர், சான்சிபார் என்று கிராம்பு பரவியது. 1800-ம் ஆண்டு வாக்கில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டு, அங்கே கிராம்பை நட்டது. குற்றாலத்தில் தேறிய மரம், பின்னாளில் நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கும், நீலகிரிக்கும், தென்கேரளத்துக்கும் போனது. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை என்று இன்று பேர்வாங்கி நிற்கும் கிராம்புத் தோட்டங்களின் கதை இதுதான். 2021-ல் 'கன்னியாகுமரி கிராம்பு' புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆக, வாசகியின் மாமனார் தவறான ஊரில் தவறான மரத்தை வைத்துவிடவில்லை.

9 ஆண்டு என்பது தாமதமா?

விதைக் கன்றாக நடப்பட்ட கிராம்பு, பொதுவாக 7 அல்லது 8-ம் ஆண்டில்தான் மொட்டு வைக்க ஆரம்பிக்கும். நல்ல மண்ணும் கவனிப்பும் இருந்தால் சில மரங்கள் அதற்கு முன்பே ஒன்றிரண்டு கொத்து காட்டும். கவனிப்புக் குறைந்தால் 10 ஆண்டைத் தாண்டியும் போகும். முழு மகசூல் என்பது 15 முதல் 20 ஆண்டுகளில்தான். எனவே, 9 ஆண்டு என்பது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஆனால், 14 மரங்களில் ஒன்றுகூட மொட்டு வைக்கவில்லை என்றால், ஒரு மரத்தின் குறை என்பதைவிட இடத்தின் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்கள்

முதலாவது, அது கிராம்புதானா என்று உறுதி செய்துகொள்வது. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், நாற்றங்காலில் சர்வசுகந்திக் கன்றும் கிராம்புக் கன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சர்வசுகந்தியும் இதே குடும்பம்தான். இலையைக் கசக்கினால் அதிலும் கிராம்பு வாசனை அடிக்கும். அதனால் வாசனையை மட்டும் நம்பக் கூடாது. சர்வசுகந்தி மரத்தின் பட்டை வழவழப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில், மெல்லிய தோலாக உரியும். கிராம்பு மரத்தில் புதுத்தளிர் இளஞ்சிவப்பாகத் துளிர்த்து, பிறகுதான் பச்சையாகும். தளிர் விடும் நேரத்தில் மரத்தைப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வெயில். கிராம்புக் கன்றுக்கு நிழல் வேண்டும். அதற்காகத்தான் ஆரம்ப ஆண்டுகளில் இடையில் வாழை வைக்கிறோம். வளர்ந்த மரத்துக்கு வெளிச்சம் வேண்டும். வாசகி தோட்டத்தின் இரு பக்கமும் ரப்பர் நிற்கிறது. 9 ஆண்டுகளுக்கு முன் அந்த ரப்பரும் சின்னதாக இருந்திருக்கும். இப்போது அது உயர்ந்து நிழல் கட்டியிருக்கலாம். காலை 10 மணி, மதியம் 12 மணி, பிற்பகல் 3 மணி என மூன்று வேளையும் தோட்டத்துக்குள் நின்று, கிராம்பு மரங்களின் தலைப்பகுதியில் வெயில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வேளையும் நிழலில் நிற்கும் மரங்களுக்குக் கயிறோ பெயின்ட்டோ வைத்து அடையாளம் போட்டுக்கொள்ளலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கிளைகளைக் கழித்துவிடும்படி பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். சண்டை போட்டுச் செய்கிற வேலை அல்ல இது. அவருக்கும் வேலிப்பக்கம் கிளை முறிந்து விழாமல் இருப்பது நல்லதுதானே.

மூன்றாவது, தண்ணீர். கிராம்புக்கு மழை வேண்டும். தேங்கும் தண்ணீர் ஆகாது. ஆண்டுக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் மழை இதற்கு ஏற்றது. அதே மரம், வேரில் தண்ணீர் நின்றால் நுனிக் கிளையில் இருந்து காய்ந்துகொண்டே வரும். மரத்திலிருந்து 7, 8 அடி தள்ளி, 2 அடி ஆழத்தில் ஒரு சிறிய குழி எடுத்து, அடைமழை பெய்த மறுநாள் பார்க்க வேண்டும். குழியில் தண்ணீர் அப்படியே நின்றால் வடிகால் சரியில்லை என்று அர்த்தம். சரிவின் மேல்பக்கத்தில் வாய்க்கால் எடுத்து, தண்ணீரைத் தோட்டத்துக்கு வெளியே திருப்பிவிட வேண்டும். மரத்தின் அடியில் ஆழமாகக் கொத்தக் கூடாது. உணவெடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கும்.

நான்காவது, நுனிக்கொழுந்து. கிராம்பின் மொட்டு, புதிதாக விடும் கொழுந்தின் நுனியில்தான் கட்டும். ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, பக்கவாட்டுக் கிளைகளை அழகுக்காக வெட்டுவது, வாசனைக்காக இலையைக் கொத்துக் கொத்தாகப் பறிப்பது எல்லாம் வருகிற ஆண்டு மொட்டைப் பறிப்பதற்குச் சமம். காய்ந்த குச்சிகளையும், நோய் தாக்கிய கிளைகளையும் ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்தால் போதும். கிளைகள் மிகவும் அடர்ந்துபோனால் மட்டும் உள்பக்கத்தில் கொஞ்சம் கலைத்துவிடலாம்.

தழைச்சத்தை மட்டும் கொட்டினால் இலைதான் வரும்

மரம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, மொட்டு மட்டும் இல்லை என்றால், கொடுக்கிற உரத்தையும் பார்க்க வேண்டும். வளரும் பருவத்தில் மரத்துக்கு ஆண்டுக்கு 15 கிலோ தொழுவுரம் அல்லது மட்கிய உரம் என்று ஆரம்பித்து, பெரிய மரங்களுக்கு 40 முதல் 50 கிலோ வரை கொடுக்கலாம். மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் கொடுப்பது நல்லது.

ரசாயன உரம் போடுபவர்கள், 15 வயதைத் தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 300 கிராம், மணிச்சத்து 250 கிராம், சாம்பல் சத்து 750 கிராம் என்ற கணக்கை வைத்துக்கொள்ளலாம். நட்ட முதல் ஆண்டில் 20, 18, 50 கிராம் என்று ஆரம்பித்து, வயதுக்கேற்ப ஏற்றிக்கொண்டே வரவேண்டும். இதை இரண்டாகப் பிரித்து மே–ஜூனில் ஒரு பாதியும், செப்டம்பர்–அக்டோபரில் மறுபாதியும், மரத்தைச் சுற்றி 3 முதல் 5 அடி தள்ளி மேலாக வட்டக்கால் எடுத்துப் போட்டு மூட வேண்டும். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, சாம்பல் சத்து தழைச்சத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கிறது என்பதுதான். யூரியாவை மட்டும் போட்டுவிட்டு மொட்டை எதிர்பார்ப்பது நடக்காது. உரம் வாங்கும் முன் மண் பரிசோதனை செய்துகொண்டால் வீண்செலவு மிச்சம். இயற்கை முறையில் செய்பவர்கள், அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டாமல் தொழுவுரத்தோடு கலந்து கொடுக்கலாம்.

மலர்ந்தால் நட்டம்

மற்ற மரங்கள் பூத்தால் சந்தோஷப்படுவோம். கிராம்பு பூத்துவிட்டால் கவலைப்பட வேண்டும். காரணம், நாம் விற்பது மலராத மொட்டை. கடையில் வாங்கும் கிராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். தலையில் இருக்கும் சிறிய உருண்டை, விரியாமல் மூடிக்கிடக்கும் நான்கு இதழ்கள். அதைத் தாங்கி நிற்கும் நான்கு பற்கள், புல்லிகள். கீழே ஆணி போல இருப்பது பூவின் அடிப்பாகம். இதழ் உதிர்ந்து வெள்ளைக் கேசரங்கள் விரிந்துவிட்டால் தரமும் விலையும் போய்விடும்.

மொட்டு கட்டும் நேரம் இடத்துக்கு இடம் மாறும். தாழ்வான பகுதிகளில் செப்டம்பர்–அக்டோபர், உயரமான மலைகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று பொதுவாகச் சொல்லலாம். கொழுந்தின் நுனியில் இலை விரியாமல், மூன்று மூன்றாகக் கிளைத்த சிறிய பச்சைக் கொத்து தெரிந்தால் அதுதான் மொட்டு. அது முற்றி அறுவடைக்கு வர 4 முதல் 6 மாதம் ஆகும். பச்சை நிறம் மாறி, அடிப்பாகம் இளஞ்சிவப்பாகும்போது பறிக்க வேண்டும். எல்லாக் கொத்தும் ஒரே நாளில் முற்றாது. அதனால், ஒரே மரத்தில் பல முறை பறிக்க வேண்டியிருக்கும்.

பறிப்பதில்தான் இந்தப் பயிரின் பெரிய செலவும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது. காய்ந்த கிராம்பு ஒரு கிலோவுக்கு 11,000 முதல் 15,000 எண்ணிக்கை நிற்கும். நன்றாகக் காய்க்கும் மரத்தில் சராசரியாக 2 கிலோ என்று வைத்தால், ஒரு மரத்தில் 22,000 முதல் 30,000 மொட்டுகளை விரலால் பறித்தாக வேண்டும். கிளைகள் எளிதில் முறியக்கூடியவை. கிளையில் கால்வைத்து ஏறி, எட்டிப் பறிக்கப்போய் விழுந்தவர்கள் மலைக்கிராமங்களில் உண்டு. மூங்கில் ஏணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கீழே ஒருவர் நின்றுகொண்டுதான் பறிக்க வேண்டும். தூரத்துக் கிளையைக் கொக்கிக் கம்பால் மெதுவாக வளைக்கலாம். ஒடித்து இழுக்கக் கூடாது. ஒடித்தால் அடுத்த பருவத்துக் கொழுந்தும் அதோடு போய்விடும். மழை பெய்து மரம் வழுக்கும் நாளில் ஏறவே வேண்டாம். இரண்டு நாள் தாமதத்தில் போவது கொஞ்சம் மொட்டுதான். ஆள் விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும்.

காய வைப்பது

பறித்த கொத்துகளில் இருந்து மொட்டைக் கையால் பிரித்து, சுத்தமான பாயிலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்ப வேண்டும். நல்ல வெயிலில் 4, 5 நாளில் காய்ந்துவிடும். காம்புப் பகுதி கரும்பழுப்பாகவும், தலை சற்று வெளிர் பழுப்பாகவும் வந்து, ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். மூன்று கிலோ பச்சை மொட்டு, காய்ந்தால் ஒரு கிலோ வரும். பறித்த அன்றே பரப்பாமல் சாக்கில் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்து, வெளுத்துச் சுருங்கிவிடும். அதை வியாபாரி கழித்துவிடுவார். மாலையில் பனி விழுவதற்கு முன் அள்ளி வீட்டுக்குள் வைத்து, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். பிரித்தெடுத்த காம்பையும் தனியாகக் காய வைக்கலாம். எண்ணெய் எடுப்பவர்கள் அதையும் வாங்குவார்கள். விலை மட்டும் குறைவு.

ரப்பரோடு ஒரு கணக்கு

கொழுந்தனார் சொல்வதையும் ஒதுக்கிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மரத்துக்கு மரம் 20 அடி இடைவெளி என்றால், 14 கிராம்பு மரங்கள் பிடித்திருக்கும் இடம் சுமார் 12 முதல் 13 சென்ட். அதே இடத்தில் ரப்பர் வைத்தால் 20 முதல் 25 மரங்கள் நிற்கும். இன்றைக்கு நட்டால், பால் வெட்ட ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். 25 மரத்துக்காகப் பால்வெட்டும் தொழிலாளி தனியாக வரமாட்டார். வீட்டு ஆளேதான் விடியற்காலையில் போக வேண்டும்.

இதே 7 ஆண்டுகளில் இந்தக் கிராம்பு மரங்களுக்கு 16 வயது ஆகியிருக்கும். அதாவது, ரப்பர் பால் வடிக்கத் தொடங்கும் நேரத்தில், கிராம்பு முழு மகசூலுக்குள் நுழைந்திருக்கும். மரத்துக்கு 2 கிலோ என்றால் 14 மரத்துக்கு 28 கிலோ. கிராம்பு ஒரு ஆண்டு நிறையக் கொடுத்து, அடுத்த ஆண்டு குறைத்துக் கொடுக்கும் பழக்கம் உள்ள மரம். எனவே, 28 கிலோவை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்காமல், பாதியை மட்டும் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம். 14 கிலோவை உள்ளூர் வியாபாரி தரும் இன்றைய விலையால் பெருக்கி, அதில் பறிகூலியைக் கழித்தால் மிச்சம் தெரியும். 25 ரப்பர் மரங்களின் வருமானத்தையும் இதேபோல் எழுதி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசினால், வீட்டுக்குள் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழிச் சோதனையில் தண்ணீர் வடியவே வழியில்லாத பள்ளமாக இருந்தால், அந்த மரங்களுக்காக இன்னும் பல ஆண்டு காத்திருப்பது வீண். அந்த மரங்களை மட்டும் எடுத்துவிடலாம். மற்றவற்றை விட்டுவைக்க வேண்டும். பதினான்கையும் ஒரே முடிவில் கட்டிவிடத் தேவையில்லை.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

''மளிகைக் கடையில் வாங்கிய கிராம்பை ஊறவைத்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?'' – விருதுநகர் மாவட்ட வாசகர்

முளைக்காது. கடைக் கிராம்பு என்பது காய்ந்த பூமொட்டு. அதற்குள் விதை கிடையாது. மொட்டைப் பறிக்காமல் விட்டு, பூத்து, காயாகி, கருஞ்சிவப்பாகப் பழுத்த பழத்தில்தான் விதை இருக்கும். 'தாய்க் கிராம்பு' என்று சொல்வது இந்தப் பழத்தைத்தான். பழத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தோலை நீக்கி, உடனே விதைக்க வேண்டும். ஒரு வாரம் காய்ந்து கிடந்தாலே முளைப்புத்திறன் போய்விடும். முளை 10 முதல் 15 நாளில் தெரிய ஆரம்பித்து, 40 நாள் வரைகூட வந்துகொண்டிருக்கும். அந்தக் கன்று நடவுக்குத் தயாராக ஒன்றரை முதல் 2 ஆண்டு ஆகும். எனவே, புதிதாக நடுபவர்கள் நல்ல நாற்றங்காலில் 2 வயதுக் கன்றாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

''எங்கள் ஊர் மானாவாரிக் கரிசல். போர்வெல் இருக்கிறது. கிராம்பு போடலாமா? கன்று விற்பவர் நன்றாக வரும் என்கிறார்.'' – தூத்துக்குடி மாவட்ட வாசகர்

போட வேண்டாம். போர்வெல் தண்ணீரைக் கொடுக்கலாம். காற்றின் ஈரப்பதத்தை எங்கிருந்து கொடுப்பது? வறண்ட அனல்காற்றும், வெடிக்கும் கரிசலும் இந்த மரத்துக்கு ஒத்துவராது. மழை மிகுந்த மலைச்சரிவு, இலைமட்கு நிறைந்த ஆழமான செம்மண் கலந்த வண்டல் இருக்கும் இடங்களுக்குத்தான் இது. தென்னை, பாக்கு, பழைய காபித் தோட்டங்களில் ஊடுபயிராக வைக்கலாம். வறண்ட நிலத்துக்கு இதன் பங்காளியான நாவல் பொருத்தமாக இருக்கும். வெயிலையும் தாங்கும், பழத்துக்கு விலையும் உண்டு.

''கிராம்பு மரத்தின் அடித்தண்டில் மரத்தூள் ஒட்டியதுபோல இருக்கிறது. இலைகள் வாடி உதிர்கின்றன.'' – நீலகிரி மாவட்ட வாசகி

தண்டுத்துளைப்பான் புழுவின் வேலை இது. தரையை ஒட்டிய பகுதியில் பட்டையைச் சுற்றிக் கடித்து, உள்ளே துளை போட்டு, மேலே தூளால் மூடிக்கொண்டு இருக்கும். தூளைத் துடைத்துவிட்டுத் துளையைக் கண்டுபிடித்து, வளையும் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி வெளியே எடுக்க வேண்டும். துளையைக் களிமண்ணால் அடைக்கலாம். மரத்தைச் சுற்றிப் புதர் மண்டவிடக் கூடாது. இந்தப் புழு புதர்ச் செடிகளிலும் வளரும். தாக்குதல் அதிகமாக இருந்தால், தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி அவர் எழுதித் தரும் மருந்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். இலைப்புள்ளியும் மொட்டு உதிர்வும் இருந்தால், மயில்துத்தம் ஒரு கிலோ, நீறாத சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்ற அளவில் 1 சதவிகித போர்டோ கலவை தயாரித்துத் தெளிக்கலாம்.

''வாங்கும் கிராம்பு நல்லதா, எண்ணெய் எடுத்த சக்கையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?'' – தேனி மாவட்ட வாசகி

ஒரு டம்ளர் தண்ணீரில் சில கிராம்புகளைப் போட்டால் போதும். நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து மிதக்கும். எண்ணெய் எடுத்த சக்கை, படுத்தபடி மிதக்கும். நகத்தால் அழுத்தினால் நல்ல கிராம்பில் எண்ணெய்ப் பசை கசியும். வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்கள் மட்டுமல்ல, விற்கும் விவசாயியும் வியாபாரி முன்னால் இதைச் செய்துகாட்டி விலை பேசலாம்.

''புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கிராம்புக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்கலாமா?'' – கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

அந்த எல்லைக்குள் விளைவித்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயரைப் பதிவு செய்த பிறகே குறியீட்டைப் போட்டு விற்க முடியும். சில கிலோ விளைவிக்கும் விவசாயி தனியாக அலைவதைவிட, பக்கத்துத் தோட்டக்காரர்களோடு குழுவாகச் சேர்ந்து பதிவு செய்வது எளிது. சேர்ந்து விற்கும்போது அளவும் கூடும், விலை பேசும் தெம்பும் கூடும்.

மூன்று மழைக்காலத்துக்கு ஒரு நோட்டு

கடைசியாக, முதல் கடிதம் எழுதிய வாசகிக்கு ஒரு வேலை. 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, 14 மரங்களுக்கும் எண் போட்டு, மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். வெயில் எத்தனை வேளை விழுகிறது, அடியில் தண்ணீர் நிற்கிறதா, எந்த மாதம் தளிர் விட்டது, என்ன உரம் எப்போது போட்டது என்று எழுதி வைக்க வேண்டும். நுனியில் முதல் கொத்து தெரிந்த நாளையும் குறிக்க வேண்டும். மூன்றாம் மழைக்காலம் முடியும்போது, எந்த மரத்தை வைத்திருக்கலாம், எதை எடுக்கலாம் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். கொழுந்தனாரும் கணவரும் உட்கார்ந்து பேசும்போது, நடுவில் அந்த நோட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

மாமனார் 9 ஆண்டு தண்ணீர் ஊற்றிய மரங்கள். கோடாலியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்; மூன்று ஆண்டு கழித்தும் அது அங்கேயேதான் இருக்கும்.